அப்பாவின் வயிறு: நாட்குறிப்பு

ஜூன் 3
பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது: அமிலாய்டோசிஸ், அதாவது தப்பாக மடிந்த புரதம் உறுப்புகளில் படிகிற நோய். எண்டோஸ்கோபியில் இரைப்பையும் சிறுகுடலும் பார்வைக்குப் பழுதில்லாமல்தான் இருந்தன. அத்தோடு விட்டிருந்தால் அப்பா இன்னமும் கேஸ் மாத்திரைதான் விழுங்கிக்கொண்டிருப்பார். நாக்கு தடித்து, ஓரமெல்லாம் பல் தடம் பதிந்திருப்பதைக் கவனித்த டாக்டர் குடலில் துணுக்கு எடுத்து அனுப்பினார். காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, முனைவுற்ற ஒளியில் பார்த்தபோது ஆப்பிள் பச்சையாக மின்னியதாம்; அந்தப் புரதத்தின் அடையாளம் அதுதான்.

ஜூன் 6
ரத்தநோய் டாக்டரைப் பார்த்தோம். ஏ.எல். வகை. எலும்பு மஜ்ஜையில் கெட்டுப்போன பிளாஸ்மா செல்கள் (நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் செல்கள்) 'லைட் செயின்' புரதத்தை ஓயாமல் சுரக்க, அது தப்பாக மடிந்து நார்நாராகி உறுப்புகளில் படிகிறது. (நாள்பட்ட காசநோய், முடக்குவாதத்தால் வருவது ஏ.ஏ. வகை. அப்பாவுக்கு அது இல்லை.)

குடலில் எங்கே படிகிறதோ அதற்கேற்பத் தொல்லை. நரம்பில் படிந்தால் இரைப்பை காலியாக நேரமாகும். தசையில் படிந்தால் குடல் நகராது. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்தால் குழாய் நொய்ந்து ரத்தம் கசியும். சில நாள் மலச்சிக்கல், அப்புறம் நாள் முழுக்கப் பேதி என்று அப்பா சொன்னபோது 'ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்' என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. இரண்டுமே நிஜம்.

ஜூன் 14
அத்தை வந்திருந்தார். "என்னண்ணே, கோழி கொத்துற மாதிரி சாப்பிடுற?" என்று இன்னொரு கரண்டி வைத்தார். மதியச் சோறு இரவில் அப்படியே வெளியே வந்தது. நம் வீடுகளில் பாசம் கரண்டியில்தான் இருக்கிறது, என்ன செய்ய!

உணவு ஆலோசகர் சொன்னது நேர் எதிர். கொஞ்சமாக, அடிக்கடி; குழைந்த சோறு, இட்லி, பருப்புத் தண்ணீர்; எண்ணெய் குறைவு. மலச்சிக்கலுக்கு நல்லது என்று ஆளாளுக்குச் சொல்லும் கீரையும் வாழைத்தண்டும் மந்தமான இரைப்பையில் தேங்கிவிடும், இப்போதைக்கு வேண்டாம். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. சட்டென்று எழுந்தாலோ ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. சாய்வு நாற்காலிதான் கதி.

ஜூன் 21
ஓயாத பேதி. குடல் மெதுவாக நகர்வதால் பாக்டீரியா பெருகியிருக்கலாம் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். பேதி அடங்கியது.

ஜூலை 2
சிகிச்சை தொடங்கியாயிற்று: போர்டிசோமிப், சைக்ளோபாஸ்பமைடு, டெக்ஸாமெத்தசோன். இவற்றோடு சேர்த்துத் தர 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாராடுமுமாப் பற்றியும் பேசினார்கள். விலையைக் கேட்டதும் அப்பா பேச்சை மாற்றிவிட்டார். எல்லாம் மஜ்ஜைக்கான மருந்து. புதிதாகப் புரதம் சுரப்பதை அடக்கும். குடலில் ஏற்கெனவே படிந்ததை உடம்புதான் மெல்லக் கரைக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். போதாக்குறைக்குப் போர்டிசோமிப்பே மலச்சிக்கல் தரும்.

ஜூலை 9
எடை கூடியிருக்கிறது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். நர்ஸ் அப்பாவின் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. கூடியது நீர், சதை இல்லை. இனி எடையோடு மேற்கையின் சுற்றளவையும் டேப்பில் அளந்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார்.