என்ன சொன்னால் வருவீர்கள்?

“நான் என்ன சொன்னால் நீங்கள் ஒரு ஆளை அனுப்புவீர்கள்?”

கோபத்தில் கேட்ட கேள்வி அல்ல. படிவத்தில் எந்த இடத்தில் கையெழுத்து வைப்பது என்று தபாற்கந்தோரில் விசாரிப்பதுபோல நிதானமாகக் கேட்டார். பிரித்தானியாவில் அவசரமில்லாத விடயங்களுக்குப் பொலிஸைக் கூப்பிடும் 101 இலக்கத்துக்கு வந்த அழைப்பு. அதை எடுப்பது என் வேலை. குரலை வைத்துப் பார்த்தால் எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவர் இருப்பது நொரிச் நகரில். அவர் கவலைப்பட்ட நண்பர் இருப்பது எங்கள் பொலிஸ் பிரிவுக்குள், மாடிக் குடியிருப்பு ஒன்றில், தனியாக. தினமும் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் தொலைபேசியில் ஒரே பத்திரிகையின் குறுக்கெழுத்தைச் சேர்ந்து நிரப்புவார்களாம். முதல் நாள் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அன்றும் அப்படியே.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். நண்பருக்கு ஏதாவது நோய் உண்டா? “எங்கள் வயதில் யாருக்கு இல்லை?” குறிப்பாக என்ன? “அதையெல்லாம் நாங்கள் கதைப்பதில்லை, லவ்.” தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்வேன் என்று எப்போதாவது சொன்னாரா? “அவனா? இல்லை, அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லை.” யாராவது அவரை மிரட்டினார்களா? இல்லை. விழுந்து கிடக்கிறார் என்று நினைக்கக் காரணம் உண்டா? “போன் எடுக்கவில்லை. அதுதான் காரணம்.” பக்கத்து வீட்டார்? தெரியாது. பிள்ளைகள்? இல்லை. அவரே நேரில் போகலாமா? கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கார் ஓட்டுவதில்லை.

ஒவ்வொரு பதிலையும் தட்டத் தட்ட, திரையில் இந்த அழைப்பு எங்கள் வரம்பைவிட்டு விலகிப் போவது தெரிந்தது. அவரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

நான் சொன்ன பதில்: “உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும், சேர்.” அவர் சொன்னார்: “தெரிந்ததைத்தான் சொல்லிவிட்டேனே.”

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யாதவர்களுக்கு இது இரக்கமில்லாத நடைமுறையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை, இப்போதும். ‘ரைட் கெயர், ரைட் பேர்சன்’ (சரியான கவனிப்பு, சரியான ஆள்) என்று பெயர். 2020இல் ஹம்பர்சைட் பொலிஸ் தொடங்கியது. 2023 மே மாதம் லண்டன் பொலிஸ் ஆணையர் மார்க் ரௌலி, ஓகஸ்ட் 31க்குப் பிறகு உயிராபத்து இல்லாத மனநல அழைப்புகளுக்குத் தன் ஆட்கள் போகமாட்டார்கள் என்று சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுதியபோதுதான் நாடே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்து முழுவதற்குமான உடன்படிக்கை வந்தது. வருடத்துக்குப் பத்து லட்சம் பொலிஸ் மணித்தியாலங்கள் மிச்சமாகலாம் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. வரம்பு இதுதான்: உயிருக்கு உண்மையான, உடனடியான ஆபத்து இருக்க வேண்டும், அல்லது கடுமையான தீங்கு, அல்லது ஒரு குற்றம். மற்றவையெல்லாம் அம்புலன்ஸ், கவுன்சில், மனநல சேவை, வீட்டு உரிமையாளர் என்று உரியவர்களிடம் போக வேண்டும்.

இந்த நடைமுறை வருவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நாலு மணியானதும் அந்த அலுவலகங்களிலிருந்து வரிசையாக அழைப்புகள் வரும். “இந்த வாரம் இவரைச் சந்திக்க முடியவில்லை, ஒருதரம் போய்ப் பார்த்துவிடுங்கள்.” சொல்லிவிட்டு அவர்கள் திங்கட்கிழமை வரை கதவைச் சாத்திவிடுவார்கள். பொறுப்பு கைமாறிவிட்டது. சனிக்கிழமை இரவு ஒரு பெண் தன் கணவன் கதவை உதைக்கிறான் என்று அழைக்கும்போது, அனுப்ப வேண்டிய கார் யாரோ ஒருவருடைய வாசலில் மணியடித்துக்கொண்டு நிற்கும். போய்ப் பார்த்தால் அந்த ஆள் தங்கை வீட்டுக்குப் போயிருப்பார்.

சட்டமும் நாங்கள் நினைக்கிற அளவுக்கு இடம் தரவில்லை. பொலிஸ் அதிகாரங்கள் பற்றிய 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உயிரையோ உடலையோ காப்பாற்றக் கதவை உடைக்கலாம் என்கிறது. வெறும் ‘நலம் பற்றிய கவலை’ அதற்குப் போதாது என்று 2010இல் சையத் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கார் போயிருந்தாலும், கதவு திறக்காவிட்டால் கான்ஸ்டபிள் என்ன செய்திருப்பார்? கடிதப் பெட்டித் துவாரத்தைத் தூக்கிக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார், மூக்கை வைத்துப் பார்த்திருப்பார். அவ்வளவுதான். இதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் அந்தத் துவாரத்தைத் தூக்கிப் பார்க்கத்தானே அவர் ஒரு ஆளைக் கேட்டார் என்று உடனே தோன்றும். ஆறுதல் அத்தோடு சரி.

அவர் முதலில் எங்களை அழைக்கவுமில்லை. அம்புலன்ஸை அழைத்திருக்கிறார். பூட்டிய வீடு, நோயாளி இருப்பதற்கான உறுதி இல்லை, பொலிஸைக் கேளுங்கள் என்றார்களாம். நான் கவுன்சிலின் முதியோர் பிரிவைச் சொன்னேன். குடியிருப்பை நடத்தும் நிறுவனத்தின் அவசர இலக்கத்தைத் தேடி எடுத்து, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, அவர் எழுதித் திருப்பி வாசிக்கும்வரை காத்திருந்தேன். ஏழையும் ஒன்றையும் மாற்றி எழுதியிருந்தார், திருத்தினோம். அந்த நேரத்தில் பலகையில் காத்திருந்த அழைப்புகளின் எண்ணிக்கை சிவப்பாகிவிட்டது. என் வேலைக்கு மேலாகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இதெல்லாம் உதவுகிறது.

சேர்ஜன்டிடமும் கேட்டேன். நான் எழுதிய சுருக்கத்தை வாசித்துவிட்டு, “வரம்புக்குள் வரவில்லை” என்றார். நியாயமான முடிவு. நான் எழுதியது: தொடர்ந்து தொடர்பில் இருக்கும் நண்பர், இரண்டு நாளாகப் பதில் இல்லை, மருத்துவ விபரம் தெரியாது, தற்கொலை எண்ணம் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பத்து மணியும் குறுக்கெழுத்தும் அதில் இல்லை. எல்லாவற்றையும் எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள், சுருக்கமாக எழுதத்தான் எங்களுக்குப் பயிற்சி. அவற்றையும் எழுதியிருந்தால் சேர்ஜன்ட் வேறு முடிவு எடுத்திருப்பாரா? அநேகமாக இல்லை. இந்த ‘அநேகமாக’ மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பயிற்சியில் ஜோஆனா மைக்கேலின் வழக்கைச் சொல்லித்தருவார்கள். 2009 ஓகஸ்ட், கார்டிஃப், அதிகாலை 2.29. கைபேசிக் கோபுரத்தின் புண்ணியத்தில் அவருடைய 999 அவசர அழைப்பு சவுத் வேல்ஸ் பொலிஸுக்குப் போகாமல் பக்கத்து குவென்ட் பொலிஸுக்குப் போனது. முன்னாள் காதலன் திரும்பி வந்து தன்னைக் கொல்லப் போவதாகச் சொன்னான் என்றார். அழைப்பை எடுத்தவருக்கு ‘அடிப்பான்’ என்றுதான் கேட்டதாம். அவர் சவுத் வேல்ஸுக்குச் சுருக்கிச் சொன்னபோது கொலை மிரட்டல் அதில் இல்லை. உடனடி அழைப்பு அங்கே, ஒரு மணி நேரத்துக்குள் போனால் போதும் என்ற அழைப்பாக இறங்கியது. 2.43க்கு மறுபடியும் அழைப்பு, அதில் அலறல். பொலிஸ் போனபோது உயிர் இல்லை. 2015இல் உச்ச நீதிமன்றம், பொலிஸின் கவனக்குறைவுக்காகக் குடும்பம் நட்டஈடு கேட்க முடியாது என்றது. இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை. உயிர் வாழும் உரிமையின் கீழ் வழக்கைத் தொடர மட்டும் வழி இருந்தது.

பயிற்சியாளர்கள் இதிலிருந்து எடுத்துச் சொல்வது: கவனமாகக் கேள், கேட்டதை அப்படியே எழுது. என் அழைப்பை அதோடு ஒப்பிட முடியாது, தெரியும். அங்கே சொன்னது கேட்கப்படவில்லை. இங்கே சொன்னது எல்லாம் கேட்டது; சொல்லப்பட்டது போதவில்லை.

அம்மாவிடம் பெயர் ஊர் சொல்லாமல் இதைச் சொன்னேன். எங்கள் அம்மா பொலிஸை வலியக் கூப்பிடும் வழக்கம் இல்லாத ஊரிலிருந்து வந்தவர். நான் இந்த வேலையில் சேர்ந்ததைச் சொந்தக்காரர்களிடம் ‘அரசாங்க ஒஃபிஸ்’ என்றுதான் இன்றுவரை சொல்கிறார். கேட்டுவிட்டு, “அப்ப அந்த மனிசன் ஒரு பொய் சொல்லியிருந்தால் நீங்கள் போயிருப்பியள், என்ன?” என்றார்.

அப்படி இல்லை அம்மா என்று த்ரைவ் முறையை விளக்கத் தொடங்கினேன். அச்சுறுத்தல், தீங்கு, ஆபத்து, விசாரணை, பலவீன நிலை, ஈடுபாடு என்று வரிசையாகப் பார்ப்போம், ஒரு சொல்லை வைத்து முடிவெடுப்பதில்லை. அம்மா பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். போயிருப்போம் என்பதுதான் உண்மை. “நேற்று அவன் நெஞ்சு வலிக்கிறது என்றான்” என்று ஒரு வசனம் போதும். பொய்யா மெய்யா என்று பிரித்துப் பார்க்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. இருக்கவும் கூடாது, கேட்டதை நம்புவதுதான் இந்த வேலையின் அடிப்படை. அப்படியானால் இந்த வரம்பு சரியாக யாரைத் தடுக்கிறது? பொய் சொல்லத் தெரியாதவர்களை. இதை நான் சேர்ஜன்டிடம் சொன்னதில்லை. சொன்னால் அவர் “வேறு வழி சொல்லு” என்பார். என்னிடம் இல்லை.

பிறகு என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: தெரியாது. அவர் என் நேரத்தில் திரும்ப அழைக்கவில்லை. அந்த முகவரியைத் தட்டினால் இரண்டு வினாடியில் தெரிந்துவிடும். வேலைக்கான காரணம் இல்லாமல் பதிவுகளைத் திறப்பது குற்றம். 1990ஆம் ஆண்டுக் கணினித் துஷ்பிரயோகச் சட்டத்தின் கீழ் பொலிஸ் ஊழியர்கள் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். என் மன நிம்மதி வேலைக்கான காரணமாகாது. இந்த விதி நல்ல விதி, வேலைக்கு வந்த புதிதில் அதை மிகவும் மெச்சியவள் நான். இப்போது, விதி இல்லாவிட்டாலும் தட்டிப் பார்த்திருப்பேனா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அதன் பிறகு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நலம் விசாரிக்கச் சொல்லும் அழைப்பு என்றால், கேள்விகளுக்கு முன்பே வரம்பைச் சொல்லிவிடுகிறேன். “உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால்தான் நாங்கள் போவோம். அப்படி நினைக்க உங்களுக்கு ஏதாவது காரணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.” ஒளிக்க வேண்டிய விடயமும் இல்லை, பொலிஸ் இணையதளங்களில் போட்டிருக்கிறது. இணையத்தில் வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வழி, நொரிச் கிழவருக்கு ஒரு வழி என்று இருப்பது எந்த ஊர் நியாயம்?

சென்ற மாதம் ஒரு பெண்ணிடம் இப்படிச் சொன்னேன். ஒரு கணம் யோசித்தார். “ஓம், செத்துவிடுவேன் என்று நேற்று மெசேஜ் போட்டிருந்தான்” என்றார். அந்த மெசேஜை வாசித்துக்காட்டச் சொன்னேன், அழித்துவிட்டாராம். உடனடி என்று குறித்து அனுப்பினேன். போன பொலிஸார் ஊடாகத் திரும்பி வந்த தகவல்: ஆள் சோபாவில் படுத்துக் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குள் ஏதோ பணத் தகராறு. அந்த நேரம் ஒரு களஞ்சிய உடைப்புக்குப் போக வேண்டிய கார் அது. போய்ச் சேர்ந்தபோது திருடர்கள் போய்விட்டார்கள்.

மாதாந்தச் சோதனையில் சூப்பர்வைசர் கேட்பதற்கு எடுத்தது அந்த அழைப்பைத்தான். “அழைப்பவருக்கு விடையைச் சொல்லிக் கொடுக்கிறாய்” என்று எழுதி, புள்ளியைக் குறைத்திருந்தார். அவர் சொல்வதில் பிழை இல்லை. சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். அடுத்த ஷிப்டில் வந்த முதல் நலம் விசாரிப்பு அழைப்புக்கும் வரம்பைச் சொல்லிவிட்டுத்தான் கேள்விகளைத் தொடங்கினேன்.