முடிச்சுப் போட்ட கவர்

எங்கள் குடியிருப்பில் 140 வீடுகள். சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்ததும், முதல் வேலையாக அன்றாடம் வெளியேறும் குப்பையை ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தோம். ஒரு நாள்கூட 100 கிலோவுக்குக் குறையவில்லை. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடம், அது குடியிருப்பானாலும் ஓட்டலானாலும் கல்லூரியானாலும், பெருமளவு கழிவு உருவாக்கும் இடம் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்த கணக்கு. 5,000 சதுர மீட்டரைத் தாண்டிய வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை உள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் அவை கூறின.

மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காத குப்பைக்கு நீலத் தொட்டி, காலாவதியான மாத்திரை, பழைய பல்பு, பெயின்ட் டப்பா போன்றவற்றுக்குத் தனித் தொட்டி என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது என நினைத்திருந்தேன். முடியவில்லை. மிஞ்சிய சாம்பார் சாதத்தைக் கேரி பேக்கில் ஊற்றி, இறுக முடிச்சுப் போட்டு, அதைப் பச்சைத் தொட்டியிலேயே போட்டார்கள். தொட்டியின் நிறம் சரிதான்; உள்ளே காற்றுப் புகாத சோறு மறுநாளே நாறியது. ஒவ்வொரு முடிச்சையும் துப்புரவுப் பணியாளர் அம்மா வெறுங்கையால் அவிழ்ப்பதை ஒரு காலை நேரத்தில் நேரில் பார்த்த பிறகுதான், கையுறை வாங்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்தது. அதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கவரே இல்லாமல் கொட்டினால்தான் எடுப்போம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவு செய்தோம். நான்கைந்து வீடுகள் கோபித்துக்கொண்டன. பால் பாக்கெட்டின் மூலையை முழுவதும் வெட்டி எடுக்காமல் பாதி வெட்டி விடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டோம். துண்டாகி விழும் அந்தச் சிறு முக்கோணத்தை எந்தப் பழைய பேப்பர்காரரும் பொறுக்கி எடுப்பதில்லை. கழுவிக் காயவைத்த பாக்கெட்டுகளையோ அவர் எடை போட்டுக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறார்.

தரைத்தளத்து டிபன் கடைக்காரர்தான் கடைசி வரை இறங்கி வரவில்லை. ஓட்டல்களும் தரம் பிரித்தே கொடுக்க வேண்டும் என்று அதே விதிகளில் இருந்த பகுதியைப் படித்துக் காட்டியபோது, "வாழை இலையும் மக்கும்தானே சார்?" என்றார். மக்கும்தான், ஆனால் அதை மடித்து வீசும்போது உள்ளே சட்னி பாக்கெட்டும் தண்ணீர் பாட்டில் மூடியும் சேர்ந்தே போகின்றன. இப்போது கை கழுவும் இடத்தருகே இரண்டு கூடைகள் வைத்திருக்கிறார். தேங்காய் ஓட்டுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. எங்கள் உரத் தொட்டியில் ஆறு மாதமாக அது அப்படியே கிடக்கிறது.