வெஞ்சனம் மறந்த பழையது

கடந்த சில ஆண்டுகளாக எங்கள் திருநெல்வேலிச் சீமையில் பழையதுக்குப் பெரிய மரியாதை திரும்பியிருக்கிறது. ஒரு காலத்தில் விருந்தாளி முன்னால் எடுத்து வைக்கக் கூச்சப்பட்ட அதே சோற்றை, இப்போது உணவகங்கள் மண்சட்டியில் ஊற்றி, மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்துக் காலை வேளையில் விற்கின்றன. குடலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்ற செய்தி கைப்பேசி வழியாக வீடு வீடாகச் சுற்றி வருகிறது. இந்த மரியாதை எனக்கு மகிழ்ச்சி தருவதுதான். ஆனால் குடலின் உட்சுவரைப் பற்றி ஓரளவு ஊன்றிப் படித்த பிறகு, சட்டியைக் கொண்டாடும் அளவுக்கு அதனோடு வந்த வெஞ்சனத்தை, அதாவது தொடுகறியை, நாம் கண்டுகொள்ளவில்லை என்றே எனக்குப் படுகிறது. கீரையும் பயறும் கிழங்குமாக இருந்த வெஞ்சனம் ஊறுகாயாகவும் வறுத்த வற்றலாகவும் சுருங்கிவிட்டது. குடலைக் காப்பதில் பெரும்பங்கு அந்தப் பழைய வெஞ்சனத்துடையது.

நாம் சாப்பிடும் உணவுக்கும் நம் இரத்தத்துக்கும் இடையில் நிற்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தாம் என்பது முதலில் படித்தபோது நம்ப முடியாததாக இருந்தது. வாயில் தொடங்கிப் பெருங்குடலில் முடியும் உட்பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீட்டர் இருக்கும் என்று 2014-இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. குடல் பகுதியில் உள்ள செல்கள் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. பக்கத்துப் பக்கத்துச் செல்களை கிளாடின், ஆக்லூடின் போன்ற புரதங்கள் இறுகப் பிணைத்து வைத்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு நிரந்தரமாக மூடியதன்று, தேவைக்கேற்ப இளகியும் இறுகியும் நீரையும் உப்பையும் விடுகிறது. அது அளவுக்கு மீறி இளகினால், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் சிதைந்த பகுதிகள் இரத்தத்தில் கலந்து அழற்சியைத் தூண்டுகின்றன.

செல் அடுக்குக்கு மேலே வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று உண்டு. பெருங்குடலில் அது இரண்டு அடுக்காக இருக்கிறது என்பதையும், சுவரை ஒட்டிய உள்ளடுக்கில் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய இருப்பதே இல்லை என்பதையும் 2008-இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டினார்கள். வெளியடுக்கில் பாக்டீரியா குடியிருக்கலாம், உள்ளடுக்கில் கூடாது என்பதுதான் உடலின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு எப்போது குலைகிறது என்ற கேள்விக்கு 2016-இல் வந்த மற்றோர் ஆய்வு பதில் சொல்கிறது. மனிதக் குடலில் வாழும் 14 வகைப் பாக்டீரியாக்களை மட்டும் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தே இல்லாத உணவைக் கொடுத்தபோது, பசித்த பாக்டீரியாக்கள் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின, படலம் மெலிந்தது, அதன்பின் கொடுத்த நோய்க்கிருமி எளிதாகச் சுவரை எட்டியது. எலியிடம் கண்டது அப்படியே மனிதருக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாதுதான். என்றாலும், நார் இல்லாத சாப்பாட்டை நாள்தோறும் சாப்பிடுகிறவர்களின் வயிற்றுக்குள் என்ன நடக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் படித்ததில்லை.

நார் கிடைக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. நம்மால் செரிக்க முடியாமல் பெருங்குடலுக்கு வந்து சேரும் நாரையும் மாவுச்சத்தையும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து, பியூட்டிரேட் முதலிய சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்கள் ஆற்றலில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. அதை எரிக்கும்போது அவை ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால், ஆக்சிஜனை விரும்பும் தீங்கான பாக்டீரியாக்களுக்குக் குடலுக்குள் இடம் குறைகிறது. ஆக, சுவரைக் காக்கும் செல்களுக்கு நாம் நேரடியாகச் சோறு போட முடியாது. பாக்டீரியாவுக்குப் போட்டால் அது செல்லுக்குப் போய்ச் சேரும்.

இந்த உண்மையை மருத்துவமனைக் கட்டிலருகே காட்டியவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள் என்பதை எல்லாரும் அறிய வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், காலரா வந்த 48 பேரிடம் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசலுடன், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தையும் லிட்டருக்கு 50 கிராம் கலந்து கொடுத்தபோது, பேதி சீக்கிரம் நின்றது, வெளியேறிய நீரின் அளவும் குறைந்தது. பெருங்குடலுக்குப் போன மாவு கொழுப்பு அமிலமாக மாறி, உப்பையும் நீரையும் உடல் திரும்ப உறிஞ்ச உதவும் என்ற எண்ணத்தில் செய்த ஆய்வு அது.

பழையது குடலுக்கு நல்லது என்பவர்கள் இந்த வகை மாவுச்சத்தைத்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது; சோறு ஆறும்போது மாவின் ஒரு பகுதி இறுகி, செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. ஆனால் எவ்வளவு மாறுகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவில் நடந்த ஓர் அளவீட்டில், சுடச்சுட இருந்த 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 0.64 கிராமாக இருந்த இந்த மாவு, ஆற வைத்துப் பத்து மணி நேரம் சென்றபின் 1.30 கிராம் ஆயிற்று. இரண்டு மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதன் பக்கத்தில் வைத்தால், ஒரு சட்டிப் பழையது தருவது சில கிராம்கள் மட்டுமே. மீதியைத் தர வேண்டியது வெஞ்சனம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு நார் 3 கிராமுக்கும் குறைவு. கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராம் அளவில் இருக்கிறது. முருங்கைக் கீரையிலும் அகத்திக் கீரையிலும் 8 கிராமுக்கு மேல். தோல் நீக்கிய உளுந்தில் 12 கிராம் அளவில் இருக்கும் நார், தோலோடு கூடிய முழு உளுந்தில் 20 கிராமுக்கு ஏறிவிடுகிறது. கறுப்புத் தோலுடன் உளுந்தம்பருப்பைப் போட்டு, வெந்தயமும் பூண்டும் தேங்காயும் சேர்த்துப் பொங்கி, எள்ளுத் துவையலுடன் சாப்பிடும் எங்கள் உளுந்தஞ்சோறு இந்தக் கணக்கில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வெள்ளை உளுந்தில் செய்தால் பார்க்க அழகாக இருக்கிறது என்று இப்போது சில வீடுகளில் தோலைக் கழுவித் தள்ளிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தை மாதத்துச் சிறுகிழங்கும் இப்படித்தான் விலகிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் ஊறப் போட்டு, மண் கரைந்தபின் சாக்குப்பையில் கட்டி, கல்தரையில் அடித்தும் தேய்த்தும் உருட்டினால் பாதித் தோல் கழன்றுவிடும். மீதியைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும், கை கறுத்துப்போய் இரண்டு நாளுக்கு நிறம் போகாது. இந்த வேலைக்குப் பயந்தே இளையவர்கள் வாங்குவதில்லை. பனங்கிழங்குக்கு அந்தத் தொல்லையும் கிடையாது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, இரண்டாக வகுந்து நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட்டுத் தும்பை இழுத்துக்கொண்டே தின்னலாம். பொங்கலுக்குப் பிறகும் சில வாரங்கள் சந்தையில் கிடைக்கும் இதைப் பண்டிகைப் பொருளாக ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

நொதித்த உணவுக்கென்று தனிப் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. தயிர் முதலிய நொதித்த உணவுகளை மிகுதியாகச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நாரை மட்டும் கூட்டியவர்களிடம் அந்தப் பெருக்கம் தெரியவில்லை. ஆகவே மோரும் வேண்டும், நாரும் வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஒன்றைச் சாப்பிட்டால் மற்றதற்கு ஈடாகாது.

பழையது போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோற்றில் தங்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் விதைகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. சித்திரை வெயிலில் மதியம் வடித்த சோற்றை இரவு வரை அடுப்படியில் வைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. ஆறியவுடன், காய்ச்சி ஆற வைத்த நீரை ஊற்றிவிட வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் என்ற பெருமை நம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அது காய்ச்சுவதற்கு மாற்றாகாது. அசுத்தமான நீரும் கழிப்பிட வசதியின்மையும் உள்ள இடங்களில் வளரும் குழந்தைகளுக்குப் பேதி வெளிப்படையாக இல்லாதபோதும் குடல் உறிஞ்சிகள் மழுங்கி, சுவர் இளகி, வளர்ச்சி தடைபடுவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி.

உணவுக்கு வெளியே குடல் சுவரைக் கெடுப்பவற்றில் எங்கள் பக்கத்தில் நான் மிகவும் அஞ்சுவது வலி மாத்திரை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் சுளகை மடியில் வைத்துக் குனிந்தபடியே பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்பும் கழுத்தும் வலிக்காமல் இருக்க முடியாது. மருந்துக் கடையில் கேட்டால் டைக்ளோஃபினாக் மாத்திரை சீட்டு இல்லாமலே கிடைத்துவிடுகிறது. உறவில் அத்தை முறையான ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “ஏட்டி, ஒரு நாளைக்கு ஒண்ணுதான் போடுதேன், அது என்ன செஞ்சிரும்?” என்று கேட்டார்கள். அது என்ன செய்யும் என்றால், இரைப்பையில் புண்ணை உண்டாக்குவதோடு நிற்காமல் சிறுகுடலின் சுவரையும் இளக்கி, நாள்பட எடுத்தால் அங்கேயும் புண்ணை உண்டாக்கும். வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து வாசல் வரை நடந்து வருவதும், தொடர்ந்து மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரிடம் காட்டிவிட்டு எடுப்பதும் அவர்களால் முடியும் என்று மட்டும் சொன்னேன். மதுவும் இதே வரிசையில் சேரும். அது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு செல்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது, தளர்ந்த வழியாகப் புகும் நச்சுப்பொருள்கள் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல்.

குடல் கசிவு என்ற பெயரில் இணையத்தில் விற்கும் சோதனைகளையும் பொடிகளையும் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. செல்களின் பிணைப்பை இளக்கும் சொனுலின் என்ற புரதத்தை இரத்தத்தில் அளப்பதாகச் சொல்லும் வணிகச் சோதனைகளில் சில, உண்மையில் வேறு புரதங்களையே அளக்கின்றன என்று ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு குடும்பத்துக்குப் பல மாதத்துக்குப் பயறு வாங்கலாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் எழுப்பிவிடும் பேதி ஆகியவை இருந்தால் பயறும் போதாது, பொடியும் போதாது. தாமதமில்லாமல் குடல் மருத்துவரிடம் போக வேண்டும். குரோன் நோய் என்னும் நாள்பட்ட குடல் அழற்சியால் குடல் சுருங்கியவர்களுக்கு நாரே அடைப்பை உண்டாக்கக்கூடும் என்பதால், அவர்கள் தங்கள் மருத்துவரின் சொல்லைத்தான் கேட்க வேண்டும்.

மற்றவர்கள் நாரைக் கூட்டும்போது மெதுவாகக் கூட்ட வேண்டும். இத்தனை நாள் வெறும் சோறு தின்ற வயிற்றில் திடீரென்று ஒரு கிண்ணம் தட்டைப்பயறு விழுந்தால் வாயு கட்டி, வயிறு உப்பி, இது நமக்கு ஒத்துக்கொள்ளாது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். முதல் வாரம் ஒரு கரண்டி, ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேக வைத்தது போதும். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். பல் விழுந்த ஆச்சிமார் இருக்கும் வீட்டில் பயறு முழுசாக இறங்காது. அதை மத்தால் மசித்து, ஒரு பிடி முருங்கைக் கீரையைப் பொடியாக அரிந்து சேர்த்து, கம்பங்கஞ்சி கொதிக்கும்போதே அதில் போட்டுவிட்டால், ஆறியபின் மோர் ஊற்றிக் குடித்துவிடுவார்கள்.