அண்ணன் கை இறுகிப் போச்சு: பினாங்கு நாட்குறிப்பு

மார்ச் 9, 2025

அண்ணனுக்கு ரெண்டு கையும் முழங்கைலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வீக்கம், காலும் அப்படித்தான். தைப்பூசத்துக்குப் பெரிய காவடி எடுத்து தண்ணிமலை முருகன் கோயில் 513 படியும் ஏறி எறங்கினாரு, அதுக்கப்புறம் ஆரம்பிச்சது, உடம்பு வலிதானேன்னு அண்ணி எண்ணெய் தேச்சு விட்டுக்கிட்டே இருந்தாங்க. இப்ப வீக்கம் கொறையுது, ஆனா தோலு இறுகிக்கிட்டு வருது, கிள்ளினா பிடி கெடைக்கல. கிளினிக்ல கிட்னியா இருக்கும்னு சந்தேகப்பட்டு யூரின் டெஸ்ட் எடுத்தாங்க, அது நார்மல்.

பெரியம்மா வந்து "வெரதத்துல என்னடா கொற வச்சே"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. 48 நாளு சுத்தமா இருந்த மனுசன். அன்னைக்கு ராத்திரி சோத்தத் தொடவே இல்ல.

மார்ச் 17

ரத்த ரிசல்ட் வந்துருச்சு. ஈசினோஃபில்னு ஒரு வெள்ளையணு, நூத்துக்கு அஞ்சு ஆறுக்குள்ள இருக்கணுமாம், அண்ணனுக்கு 23. நம்ம ஊருல இது ஏறுனா மொதல்ல புழுவா அலர்ஜியாதான்னு பாப்பாங்க, அதனால புழு மருந்தும் குடுத்து மலம் டெஸ்டும் எழுதி, ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டுக்கு லெட்டரும் குடுத்துட்டாங்க.

மார்ச் 26

ஸ்பெஷலிஸ்ட் கிளினிக், காலைலேர்ந்து நம்பருக்கு உக்காந்து மதியம்தான் கூப்பிட்டாங்க. சீனப் பொண்ணு, சின்ன வயசு டாக்டர், ரொம்பப் பொறுமை. கையத் தூக்கச் சொன்னாங்க. தூக்கினதும் ரத்த நரம்பு ஓடுற எடமெல்லாம் உள்ள குழிஞ்சு நீளமா ஒரு பள்ளம் தெரிஞ்சுது, நான் இத்தன நாளா பக்கத்துலயே இருந்தும் அதைக் கவனிச்சதில்ல. மேக்கையில தோலு ஆரஞ்சுத் தோலு மாதிரி புள்ளிப் புள்ளியா இழுத்துக்கிட்டு இருக்கு. அடுத்து ரெண்டு உள்ளங்கையும் சேத்துக் கும்பிடச் சொன்னாங்க. சேரல. மணிக்கட்டு மடங்க மாட்டேங்குது, நடுவுல இடைவெளி நிக்குது. அண்ணன் மொகத்த என்னால பாக்க முடியல.

வெரல் நுனி, நகம், மொகம் எல்லாத்தையும் ரொம்ப நேரம் பாத்தாங்க, ஏர்கோன் குளிருல வெரலு வெளுத்துப் போகுமான்னு கேட்டாங்க. போகாது. வெரலும் மொகமும் நல்லாருக்கு, அதனால ஸ்க்லீரோடெர்மா, அதாவது தோலு இறுகிப் போற இன்னொரு நோய், அது மாதிரி தெரியலன்னாங்க. நான் நெட்ல அதைத்தான் படிச்சுப் படிச்சுத் தூக்கமில்லாம கெடந்தேன்.

அப்புறம் "இதுக்கு முன்னாடி ஒடம்ப ரொம்ப வருத்துற மாதிரி ஏதாச்சும் செஞ்சீங்களா"ன்னு கேட்டாங்க. அண்ணன் வாயே தொறக்கல, நாந்தான் காவடின்னு சொன்னேன். இது ஈசினோஃபிலிக் ஃபேஷியைட்டிஸா இருக்கலாம்னாங்க. தோலுக்குக் கீழ தசையச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு, ஃபேஷியா, அதுல அழற்சி வந்து தடிச்சுப் போகுது. 1974ல ஷுல்மன்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதி வெச்சது. ரொம்ப அபூர்வம். பல பேருக்குப் பழக்கமில்லாத கடுமையான உழைப்புக்குப் பின்னாடி வருதாம், ஓடுனவங்க, மரம் தூக்குனவங்க. எந்தக் காரணமும் இல்லாமலும் வருதாம். சாமிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மரம் தூக்குனவனுக்கும்தான் வருது. இதை அப்படியே பெரியம்மாகிட்ட சொல்லிரணும்.

ஏப்ரல் 4

பயாப்ஸி. இதுல ஒண்ணு முக்கியம்: மேலாக்க ஒரு துளி தோலு எடுத்தா பத்தாது, சவ்வு வரைக்கும் ஆழமா வெட்டி எடுக்கணும், இல்லன்னா ஒண்ணுமே தெரியாதாம். அதுக்குன்னே சர்ஜன் வந்தாரு. முன்கையில தையல். எம்ஆர்ஐக்கும் தேதி வாங்கியாச்சு.

ஏப்ரல் 16

பயாப்ஸி ரிசல்ட் வந்துச்சு, டாக்டர் சொன்ன அதே நோய்தான். சவ்வு தடிச்சு உள்ள ஈசினோஃபில் இருக்கு. புழு இல்லன்னு உறுதியானப்புறம்தான் ஸ்டீராய்டு தொடங்குனாங்க, ஒடம்புல புழு ஒளிஞ்சிருந்தா ஸ்டீராய்டு அதைப் பெருக்கி விட்டுரும்னு. ப்ரெட்னிசோலோன் 60 மில்லிகிராம், அஞ்சு மில்லிகிராம் மாத்திரையா 12, காலையில சாப்பாட்டுக்கப்புறம். கூட மெத்தோட்ரெக்சேட்னு ஒடம்போட எதிர்ப்பு சக்திய அடக்குற மருந்து, அது வாரத்துக்கு ஒரே நாளு. தெனமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்துன்னு ஃபார்மசியில திரும்பத் திரும்பச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமைன்னு முடிவு பண்ணி அண்ணி காலண்டர்ல செவப்பு மையில வட்டம் போட்டு வெச்சுட்டாங்க.

மே 7

ஈசினோஃபில் நார்மலுக்கு வந்துருச்சு! ஆனா தோலு அப்படியேதான் இருக்கு. ரத்தம் சீக்கிரம் சரியாயிரும், தோலு எளக மாசக்கணக்காகும், சிலருக்கு வருசம்கூட ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டதால பயப்படல. மொகம் உப்பிருச்சு, ராத்திரில தூக்கம் இல்ல, பசி தாங்கல, சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு. தே தாரிக்க, நல்லா ஆத்துன இனிப்புப் பால் டீய, நிறுத்துனதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம்.

பெரியம்மாகிட்ட ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். முழுசா ஒத்துக்கல. ஆனா அண்ணன் முன்னாடி அந்தப் பேச்ச எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க, எனக்கு அது போதும். வலியோட இருக்குற மனுசன் தலையில குத்தத்தையும் ஏத்தி வெக்கிறது பாவம், இத நான் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுவேன்.

மே 28

ஸ்டீராய்டு 40க்கு எறக்கியாச்சு. ஃபிசியோல முழங்கை முன்னைக்கு நல்லா நீளுது, நேத்து சட்டை பட்டன அவரே போட்டாரு. மெத்தோட்ரெக்சேட்டுக்காக லிவர் டெஸ்ட் எடுத்தாங்க, நல்லாருக்கு. பாயான் லெப்பாஸ்ல அண்ணன் வேலை பாக்குற ஃபேக்டரிக்கு லைட் டூட்டி லெட்டர் கேட்டோம், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம், சாமான் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமை லெட்டரோட நானும் கூடப் போறேன்.