'டிஸ்மிஸ்' என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

மில்லில் ஒப்பந்த எலக்ட்ரீஷியனாக இருந்தேன். நிறுத்திவைத்த இரண்டு மாதச் சம்பளத்தையும், அதே வேலைக்கு நிரந்தரத் தொழிலாளி வாங்கியதற்கும் எனக்குத் தந்ததற்கும் உள்ள வித்தியாசத்தையும் ஒரே மனுவில் கேட்டு என் வக்கீல் தொழிலாளர் நீதிமன்றத்தில் போட்டார். விசாரணை இழுத்தடித்தாலும் ஒழுங்காக முடிந்தது. வயிற்றெரிச்சல் தீர்ப்புக்கு அப்புறம்தான்.

"வித்தியாசம் டிஸ்மிஸ் ஆயிடுச்சுப்பா" என்று வக்கீலிடமிருந்து போன் வந்தது. ஏன் என்று கேட்டால், தீர்ப்பின் காப்பி வரட்டுமாம்.

நீதிமன்றத்தில் காப்பி வாங்கப் போனால், கம்ப்யூட்டரில் என் சி.பி. (கிளைம் மனு) நம்பரே இல்லை. "அப்படி ஒரு கேஸே இல்லைங்களே" என்றார் அங்கிருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். லீவு போட்டு வந்தது வீண். அடுத்த முறை பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான், "ஐ.டி.ன்னு போட்டுப் பாக்கச் சொல்லுங்கண்ணே" என்றார். வந்துவிட்டது! கிளைம் மனுவைத் தொழில் தகராறு என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். நம்பர் கிடைக்காவிட்டால் திரும்பி வராதீர்கள். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள்.

தீர்ப்பைக் கையில் வாங்கியதும் முதலில் கடைசிப் பத்தி, பிறகு அதற்குக் காரணம் சொல்லும் பத்திகள் என்று படியுங்கள். எனக்கு இரண்டு மாதச் சம்பளம் கிடைத்திருந்தது. வித்தியாசத்தைப் பொறுத்தவரை, எனக்கு அந்த உரிமை கிடையாது என்று நீதிபதி எங்குமே சொல்லவில்லை. இந்த மனுவில் அதை முடிவு செய்ய முடியாது என்பதுதான் தீர்ப்பு. இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம்.

1947ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தின் 33சி(2) பிரிவு, ஏற்கெனவே உறுதியான உரிமையைக் கணக்கிட்டு வாங்கித் தருவதற்கு இருந்தது. சம்பளச் சீட்டு இருந்ததால் அந்த இரண்டு மாதத்தில் தகராறு இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் உண்டா என்பதே சண்டை என்றால், அதை முதலில் வேறு வழியில் தீர்த்துக்கொண்டு வர வேண்டும். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிக்காரர்கள் இதையே கேட்டபோது, கணேஷ் ரசாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை முதல் நாளே நீட்டிவிட்டார். நம்மாள் வாய் திறக்கவில்லை.

சரியான வழி தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தொழில் தகராறு எழுப்புவது. இங்கேயும் ஒரு கண்ணி. தனி ஆளாக நேரே எழுப்பலாம் என்கிற, அதே சட்டத்தின் 2ஏ பிரிவு வேலைநீக்கம் மாதிரியான விஷயங்களுக்குத்தான் இருந்தது. சம்பள விகிதத்துக்குச் சங்கமோ கணிசமான தொழிலாளர்களோ பின்னால் நிற்க வேண்டும். அந்த 1947 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் பிரிவு எண்கள் வேறு, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்த தொகையும் தானாக வீடு தேடி வராது. மில் கட்டாவிட்டால், கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் போன பிறகுதான் என் இரண்டு மாதச் சம்பளம் வங்கியில் ஏறியது.

வித்தியாசத்துக்காகச் சங்கத்துக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனு இப்போது சமரச அலுவலரிடம் இருக்கிறது. அதன் நகலில் தேதியோடு சீல் வாங்கிய பிறகே கவுண்டரை விட்டு நகர்ந்தேன்.