வராத இருபத்தெட்டுப் பேர்

நம் வேலூர்க் கல்லூரியின் முதுகலை மாணவர் மன்றத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். முன்னாள் செயலர் என்ற முறையில் கேட்கிறார்களாம். என்னுடன் படித்தவர்கள் இதற்குள் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

அன்று நாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது 2002-இல்தான். இளங்கலைக்காரர்களுக்குப் பேரவை, தேர்தல், சுவரொட்டி எல்லாம் உண்டு. நமக்கோ ஒரு மன்றம், ஒரு பீரோ, ஒரு நடவடிக்கைக் குறிப்பேடு.

1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேசுவரர் சாமி கோட்டைக்குள் இருக்கும் தம் கோயிலுக்குத் திரும்பினார். 'சாமியில்லாக் கோயில்' என்று நம் ஊரைக் கேலி பேசியவர்களின் வாயை அடைத்த நாள். அன்று மாலை மன்றக் கூட்டம். நான் கோட்டையில் இருந்தேன். மறுநாள் குறிப்பேட்டைத் திறந்து, இருபத்தெட்டுப் பேர் வந்ததாகவும், நூலக நேரத்தை நீட்டிக்கக் கோரும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகவும் எழுதிவைத்தேன்.

வரலாற்றுப் பேராசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, அந்தக் கூட்டத்துக்கு வந்தவன் நான் ஒருவன்தான். ஆறரை மணி வரை உட்கார்ந்திருந்தேன். வராத இருபத்தெட்டுப் பேரை எழுதிய நீ, வந்தவனை விட்டுவிட்டாயே!"

முன்வரிசைப் பெண்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. கோட்டையில் கண்டதை, கண்டதை மட்டும், எழுதி வரச் சொன்னார். நான்கு பக்கம் எழுதினேன். வாங்கி வைத்துக்கொண்டவர், "எம்.ஃபில். சேர்ந்துவிடு" என்றார். எனக்கு அதற்குள் துபாய் விசா வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் அங்கே ஒரு கிடங்கில் இருப்புச் சரிபார்த்தேன். ஏட்டில் இருப்பது அலமாரியில் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பாரோ என்னவோ. ஒரு கடிதமும் போட்டதில்லை.

சென்ற மாதம் அவர் காலமானார். அவருடைய காகிதக் கட்டில் இருந்ததாக அந்த நான்கு பக்கங்களையும் அவர் மகன் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மூன்றாம் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் சாரின் கையெழுத்து: "அகழியில் அன்று தண்ணீர் இருந்ததா? கேட்டு எழுதுக."

நேற்றிரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன். கோட்டையில் திரண்ட ஜனக்கூட்டம் நினைவிருக்கிறது, கற்பூர வாசனை நினைவிருக்கிறது. தண்ணீர் மட்டும் நினைவில் இல்லை.