ஈ வரிசை ஜன்னல்

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென்னில், அதாவது ஜப்பானின் அதிவேக ரயிலில், மகளுக்கு ஈ (E) வரிசை ஜன்னல் சீட் எடுத்திருந்தோம். அந்தப் பக்கம்தான் ஃபூஜி மலை தெரியும். ஏழு வயது என்பதால் அவளுக்குப் பாதிக் கட்டணம்தான்.

வண்டி வந்து ஆட்கள் இறங்கியதும் துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே போனார்கள். ஏழே நிமிடம்! குப்பையை எடுத்து, மேசைகளைத் துடைத்து, இருக்கைகளைப் போகிற திசைக்குத் திருப்பிவிட்டு, வெளியே வந்து குனிந்து வணங்கினார்கள். மகளும் பதிலுக்குக் குனிந்தாள். அதைப் பார்த்து அவர்களில் ஒரு அம்மா அவளுக்காக இன்னொரு முறை குனிந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சாப்பாட்டுக்கு எகிபென், அதாவது ஸ்டேஷனில் விற்கும் டப்பா சாப்பாடு. மகளுக்கு ரயில் வடிவ டப்பா. அப்புறம் சோற்றை யார் கவனிப்பது?

ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில், ஷின் ஃபூஜி ஸ்டேஷன் பக்கம், மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது. வண்டி 285 கிலோமீட்டர் வேகம் வரை போகக்கூடியது. பக்கத்து வீடுகளெல்லாம் கோடாகப் பறக்க, மலை மட்டும் நிதானமாக நகர்ந்தது. "அப்பா, அது நம்ம கூடவே வருதுப்பா!"

1964-லிருந்து ஓடுகிற பாதை இது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எத்தனை குழந்தைகள் இதே ஜன்னலில் மூக்கை அழுத்தியிருப்பார்கள்!

கியோட்டோவில் டிக்கெட்டைக் கதவு இயந்திரத்தில் போட்டால் திரும்ப வராது. ஊழியரிடம் கேட்டோம், முத்திரை குத்தி, இரண்டு கையாலும் அவளிடமே நீட்டினார். அது இப்போது கழுவிக் காயவைத்த ரயில் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது.